சின்னம்மா கண்டது

எங்கள் குசினியில் ஓர் எனாமல் பேசின் இருக்கிறது. வெள்ளை நிறம், நீலக் கரை, இரண்டு இடத்தில் பூச்சு உதிர்ந்து இரும்பு தெரியும். அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை. சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று, தேசிக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று, ஒருமுறை கோபத்தில் என் மனைவி கடற்கரை மணலைப் போட்டும் தேய்த்தாள். போகவில்லை. பனையோலைப் பெட்டி இழைப்பவர்கள் ஓலைக்கு ஏற்றும் சாயம் அது. என் தாயின் தங்கை, எங்கள் சின்னம்மா, ஒவ்வொரு தவக்காலத்திலும் அந்தச் சாயத்தைச் சவ்வரிசிக் கஞ்சியில் கலக்கி, இந்தப் பேசினில்தான் இயேசுவின் இரத்தத்தைத் தயாரிப்பார்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயைக் கடந்து தலைமன்னார்ப் பக்கமாகப் போகிற கரையில் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று கோவில் வளவில் ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுவோம். அதற்குப் பாஸ் என்று பெயர். கற்றூண் காட்சியில் போர்வீரர் வேடம் போட்டவர்கள் பருத்திக் கயிற்றுச் சாட்டையைப் பேசினில் தோய்த்து இயேசுவை அடிப்பார்கள். கயிறு மெத்தென்றிருக்கும், நோகாது. ஒவ்வோர் அடிக்கும் முதுகில் ஒரு சிவப்புக் கோடு விழும், சனம் அழும். அழத்தானே வருகிறார்கள். ஒலிவாங்கிக்கு முன் நின்று சுவிசேஷத்தை வாசிப்பவர் சின்னம்மா. கடலில் நிற்கிற வள்ளத்தைக் கரைக்குக் கூப்பிடுகிற குரல் அவருக்கு. ஒலிவாங்கியே தேவையில்லை என்று பகிடி பண்ணுவோம்.

நான் சுவாமியாராவதற்காகக் குருமடத்தில் சில காலம் இருந்தவன். கிரேக்கம் கொஞ்சம் படித்து, பாதியில் திரும்பி வந்து, ஆசிரியனாகிக் கலியாணமும் முடித்துக்கொண்டேன். ஊர் அதைச் சீக்கிரம் மறந்தது. சின்னம்மா மறக்கவில்லை, எனக்கு ‘அரைச்சுவாமி’ என்று பட்டம் வைத்தார். ஆனாலும் வாசிக்க வேண்டிய பகுதியை வேதாகமத்தில் விரித்து வைத்துக்கொண்டு என்னைத்தான் கூப்பிடுவார்.

“அரைச்சுவாமி, இஞ்சை வா. இதுக்குக் கிரேக்கத்திலை என்ன போட்டிருக்கு?”

ஒரு தவக்காலத்தில் அவர் பிடித்துக்கொண்டது யோவான் எழுதிய ஓர் இடத்தை. போர்வீரன் விலாவைக் குத்துகிறான், இரத்தமும் தண்ணீரும் வருகின்றன. உடனே எழுதியவர் கதையை நிறுத்திவிட்டு, இதைக் கண்டவனே சாட்சி சொல்லியிருக்கிறான் என்கிறார். கண்டவன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேரை ஏன் விட்டார் என்பது சின்னம்மாவின் கேள்வி. அது எனக்குத் தெரியாது. ஆகவே தெரிந்ததைச் சொன்னேன், வாத்திமார் அப்படித்தான். அங்கே உள்ள வினை ஹொராவோ. கண்ணால் காண்பது அதன் முதற்பொருள். மனத்தால் விளங்கிக்கொள்வதும் அதுதான். கவனமாயிரு என்று எச்சரிக்கும்போதும் அதே வினை வரும். யூதாஸ் வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனபோது, எங்களுக்கென்ன, நீயே பார்த்துக்கொள் என்று குருக்கள் கைவிரிப்பதும் அதுவே. பிலாத்து கையைக் கழுவிக்கொண்டு சனத்துக்குச் சொல்வதும் அதுவே. சிலுவையடியில் நின்றவனைப் பற்றிச் சொல்லும்போது அந்த வினை இன்னொரு வடிவம் எடுக்கும். அவன் கண்டு முடித்துவிட்டான், ஆனால் கண்டது அவனை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம்.

சின்னம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். “அப்ப கண்டவன் தப்பேலாது எண்டு சொல்லு” என்றார். நான் சிரித்தேன். அவருக்கு அடுத்த வேலை இருந்தது, சவ்வரிசி அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது.

அந்த வருடம் இயேசுவாக நடித்தவர் பெருநிலத்துப் பாப்பாமோட்டை ஊர்க்காரர். வயல் செய்கிற குடும்பம். எங்கள் ஊரில் பெண்ணெடுத்து வந்து கடல் பழகியவர். அமைதியான மனிதர், தாடியும் நன்றாக வளரும், பங்குச் சுவாமியாருக்கு வேறென்ன வேண்டும்? சாட்டை பிடித்தவன் சின்னம்மாவின் ஒரே மகன், எனக்குத் தம்பி முறை. தகப்பன் கடலோடு போனபின் சின்னம்மா கருவாடு காயப்போட்டு வளர்த்த பிள்ளை. அவனும் இரண்டு கூட்டாளிகளும் சட்டம் தடுத்த வெடி போட்டு மீன் பிடித்தார்கள். தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னர் அவர்களின் படகும் இயந்திரமும் பிடிபட்டன. காட்டிக்கொடுத்தது பாப்பாமோட்டையான்தான் என்று ஒரு கதை கிளம்பியது. சொன்னவர் அவர்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், வெடி போட்டவன் வெடி போட்டவன்தான்.

பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. வலையைத் தொடுவதுகூடப் பாவம். அன்று காலை சின்னம்மா முற்றம் கூட்டிக்கொண்டு போனபோது, மகன் கிணற்றடியில் குந்தியிருந்து கயிற்றில் வலை ஈயத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற அந்தச் சின்ன ஈயக்குண்டுகள். சின்னம்மாவுக்குக் கோபம் வந்தது. “பெரிய வெள்ளியிலை வலைவேலை செய்யிறியோடா, நரகத்துக்கோ போகப்போறாய்?” என்று ஏசினார். “ஒரு முடிச்சுத்தான் அம்மா, இந்தா முடிஞ்சுது” என்றான் அவன். சின்னம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்துவிட்டார். அவர் கண்டது பெரிய வெள்ளியை மீறிய ஒரு பிள்ளையை. அவன் கையில் இருந்தது பருத்திக் கயிறு, வலைக்கயிறு அல்ல என்பது அவருடைய கண்ணில் விழுந்தது, மனத்தில் விழவில்லை.

பிற்பகல் வெயிலில் வளவு நிறைந்திருந்தது. கூட்டாளிகள் இருவரும் போர்வீரர் வேடத்தில் பாப்பாமோட்டையாரைத் தூணோடு கட்டினார்கள். கட்டை அவர்கள் இழுத்து இறுக்கியபோது அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன். நடிப்பு என்று நினைத்தேன். தம்பி சாட்டையைப் பேசினில் தோய்த்தான். முதல் அடி விழுந்தது. அவருடைய உடம்பு தூணில் மோதிய சத்தம் கேட்டது. இரண்டாம் அடி விலாவைச் சுற்றிக்கொண்டு போய் முன்பக்கம் தோலைக் கிழித்தது. அவர் கத்தினார். எங்கள் பாஸில் இயேசு அந்த இடத்தில் கத்துவதில்லை, மௌனமாக நிற்பார். கிழவிகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு இரக்கமாயிரும் ஆண்டவரே என்று அழுதார்கள். இளைஞர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து நேரலையாக ஒளிபரப்பினார்கள். கனடாவிலிருந்து யாரோ அந்த ஒளிபரப்பின் கீழே நல்ல நடிப்பு என்று எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன். தம்பி நிறுத்தவில்லை. தோளில், முள்ளந்தண்டில், பிறகு இடுப்புக்கு மேலே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. முதுகெல்லாம் சிவப்பு. அதில் எது ஓலைச்சாயம், எது மனிதனின் இரத்தம் என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை, பேசினில் கலக்கியவரைத் தவிர.

சின்னம்மாவின் வாசிப்பு நடுவில் அறுந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் மகனின் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை மூடாமலே போட்டுவிட்டு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் கண்டதில்லை. “டேய், ஈயம்! ஈயமடா!” என்று கத்திக்கொண்டு சாட்டைக்கும் தூணுக்கும் நடுவில் போய் விழுந்தார். ஓங்கிய கை ஓங்கியதுதான். அடி அவர் கன்னத்தில் இறங்கி, எலும்பை உடைத்து, காதுவரை சதையைப் பிளந்தது. கூட்டத்தில் அப்போதும் யாரோ, ஆண்டவரின் முகம் துடைக்கிற வெரோனிக்காவாக இந்த முறை அக்காவோ நடிக்கிறா என்று கேட்டார்கள். சின்னம்மா இரத்தம் ஒழுக எழும்பி, சாட்டையின் நுனியை எட்டிப் பிடித்து, ஒலிவாங்கி இல்லாமலே வளவு முழுவதும் கேட்கச் சொன்னார். “இது பாஸ் இல்லை. என்ரை பிள்ளை ஆளைக் கொல்லுறான். பிடியுங்கோ.” அதற்குப் பிறகுதான் நாங்கள் அசைந்தோம்.

மன்னார் ஆஸ்பத்திரியில் பாப்பாமோட்டையாரின் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். உயிர் தப்பினார், ஆனால் அதற்குப் பிறகு அவரால் கடலுக்குப் போக முடியவில்லை. சின்னம்மாவின் கண் தப்பியது அதிசயம் என்றார் டொக்டர். ஊரோ உடனே ஒரு கதையைச் செய்துகொண்டது. பழைய வலைக்கயிறு தவறுதலாகச் சாட்டையோடு கலந்துவிட்டது, பையன் வேடத்தின் வேகத்தில் அடித்துவிட்டான், அவனுக்கு ஈயம் இருந்தது தெரியாது. கைத்தொலைபேசிகளில் அடி இருந்தது, அவன் மனம் இருக்கவில்லை. தம்பியும் அதையே பொலிசில் சொன்னான். கிணற்றடியில் அவன் ஈயம் கட்டியதைக் கண்டது உலகத்தில் ஒரே ஒருவர்.

பங்குச் சபைத் தலைவரிடம் சின்னம்மா போனபோது நானும் கூடப் போனேன். உண்மையைக் கோவிலில் வைத்து எல்லாருக்கும் முன்னால் மகன் சொல்ல வேண்டும், அதற்குச் சபை உதவ வேண்டும் என்று கேட்டார். தலைவர் கதிரையை விட்டு எழும்பாமல் சொன்னார், “அக்கா, அது உங்கட வீட்டு விசயம். நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ. எங்களை இழுக்காதேங்கோ.” சின்னம்மா தையல் போட்ட முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். யூதாஸிடம் குருக்கள் கைவிரித்த வார்த்தை அது என்று எனக்குத் தெரிந்தது, தலைவருக்குத் தெரியவில்லை.

சின்னம்மா பொலிசில் வாக்குமூலம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு நாங்கள் பூசையில் இருந்த நேரம் மகனின் கூட்டாளிகள் அவர் வீட்டுக் கதவைக் கோடரியால் கொத்திப் பிளந்தார்கள். கருவாட்டுப் பந்தலை எரித்தார்கள். கோழிகளின் கழுத்தைத் திருகிக் கிணற்றுக்குள் போட்டார்கள். பெற்ற பிள்ளையை விற்றவள் என்று சுவரில் எழுதினார்கள். எழுத்துக்கு அவர்கள் எடுத்தது மிச்சமிருந்த ஓலைச்சாயம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். சின்னம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். “நீயும் அடிச்சிட்டு வந்தியெண்டால் அதையும் நான்தான் போய்ச் சொல்லவேணும். எனக்கு ஏலாதடா” என்றார்.

வழக்குக்குப் போகும் பேருந்தில் நான் கேட்டேன், உள்ளே போய்விட்டால் பிள்ளை திரும்பி உங்களிடம் வருவானா என்று. “எனக்கு அவன் வேணும். அவனை விட்டா எனக்கு ஆர் இருக்கு? ஆனால் பொய்யனா வேண்டாம். தான் செய்தது எண்டு ஒருக்கா அவன்ரை வாயாலை சொல்லட்டும், அதுக்குத்தான் இவ்வளவும்” என்றார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, பெற்ற மகனுக்கு எதிராகவா சாட்சி சொல்கிறீர்கள் என்று குரலை உயர்த்தினார். “எதிராச் சொல்லயில்லை ஐயா. கண்டதைச் சொல்லுறன். இவன் என்ரை பிள்ளை. அடிபட்டவரும் ஒருத்தி பெத்த பிள்ளை” என்றார் சின்னம்மா. தம்பி தாயின் பக்கம் ஒருமுறையும் திரும்பாமல் கூண்டில் நின்று ஈயம் தனக்குத் தெரியாது என்று கடைசிவரை சொன்னான். கடூழியச் சிறை கிடைத்தது. கொண்டுபோகும்போது, செத்தாலும் உன்ரை முகத்தைக் காணமாட்டன் என்று தாய்க்குக் கேட்கத் திரும்பாமலே கத்திவிட்டுப் போனான்.

சின்னம்மா மாதந்தோறும் பொரித்த மீனோடு சிறைச்சாலைக்குப் போனார். அவன் வர மறுத்தான். பார்சல் அப்படியே திரும்பி வரும். வழியில் யாராவது பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த முறை பாரை வாங்கவேணும், அவனுக்குப் பாரைதான் விருப்பம் என்பார். முகத்தின் வடு கறுத்துத் தடித்துப்போயிருந்தது. பாஸ் நின்றுவிட்டது. கோவிலில் வாசிக்க அவரை ஒருவரும் கேட்கவில்லை, கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே வாசித்தார். அப்படியொரு பயணத்திலிருந்து திரும்பி வந்து, பையைக்கூட இறக்காமல் கதிரையில் இருந்தவர் அப்படியே போய்விட்டார். மாரடைப்பு.

அடக்கத்துக்குத் தம்பியைக் காவலோடு கூட்டி வந்தார்கள். கைவிலங்கோடு பெட்டியின் தலைமாட்டில் நின்றான். நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். மூட முன்பு வீட்டார் ஒவ்வொருவராக முகத்தை முத்தமிடுவது எங்கள் வழக்கம். அவனுடைய முறை வந்தது. அவன் குனிந்தான், குனிந்தபோது பார்க்காமல் இருக்க முடியவில்லை. கன்ன எலும்பில் தொடங்கிக் காதுவரை போகிற அந்தத் தடிப்பை அவன் அன்றுதான் முதன்முதலாகக் கண்டான். விலங்கிட்ட இரண்டு கையையும் தூக்கி விரலால் அதைத் தடவினான். ஈயக்குண்டு புதைந்த குழியில் விரல் நின்றது. குத்தியவர்கள் தாங்கள் குத்தியவரை ஒருநாள் நோக்குவார்கள் என்று யோவான் சொல்கிற இடத்திலும் அதே வினைதான் இருக்கிறது. சின்னம்மாவுக்கு அதை நான் சொல்லாமலே விட்டிருந்தேன்.

“ஈயம் நான்தான் கட்டினனான்” என்றான். காவலர் ஒருவர் அவன் தோளைத் தொட்டார். அவன் நகரவில்லை. “கொல்லவேணும் எண்டுதான் கட்டினனான். அம்மா கண்டது உண்மை.” வாசலில் பாப்பாமோட்டையார் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. பெட்டியை மூடினார்கள். இவ்வளவு காலம் அந்தப் பெண் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தானே, ஒரு கிழமைக்கு முன் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு அவன்மேல் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இன்றைக்கும் வருகின்றன.

இந்தத் தவக்காலத்தில் பாஸை மறுபடி தொடங்கப்போகிறார்களாம். இளைஞர் வந்து பேசினைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அது தம்பியின் தாயுடைய சாமான், அவன் வெளியே வந்து கேட்டால் அவனுக்குத்தான். அதுவரை என் மனைவி அதில் மீன் கழுவுகிறாள். இன்று காலையும் பாரை கழுவினாள். பேசின் முழுவதும் சிவந்திருந்தது. தண்ணீரை முற்றத்து முருங்கைக்கு ஊற்றினாள். மீனின் இரத்தம் போய்விட்டது, அடியில் சின்னம்மாவின் கறை இருந்தது.