நாலு கிழமை

அத்தையின் கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடக்கிறது. விரல் பக்கம் திறந்து, அடி தடித்து, மூன்று பட்டி வைத்தது. ஆபரேஷன் செய்த காலுக்கென்று வாங்கியது. அதன் அடி இன்னும் தேயவில்லை.

அப்பாவின் தங்கையான அத்தைதான் என்னை வளர்த்தார். பலாங்கொடைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். வலது காலின் பெருவிரல் மூட்டு பாக்குக்கொட்டை அளவுக்குப் புடைத்து, விரல் சாய்ந்து பக்கத்து விரல்மேல் ஏறிக்கொண்டது. வேலைக்குப் போடும் ரப்பர் சப்பாத்து உரசுகிறதென்று அந்த இடத்தில் பிளேடால் ஓட்டை வெட்டினார். மழை நாளில் அந்த ஓட்டை வழியாக அட்டை ஏறியது. அப்படியும் ஆபரேஷனுக்கு மட்டும் அசையவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பை வெட்டி நேராக்கலாம், ஆனால் ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளைக்கு, இந்தச் செருப்பில்லாமல் ஓரடி வைக்கக் கூடாது என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அத்தைக்குச் சிங்களம் பிடிபடாது, நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். "எத்தன கிழமையாம் தம்பி?" என்றார். ஐந்தாம் கிழமையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. அவர் பால்குடம் எடுக்காத வருஷமே கிடையாது. ஆறு என்றால் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

"நாலு" என்றேன்.

முதலில் வெட்டட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அத்தையோ கலண்டரில் நாலு கிழமைக்கு வட்டம் போட்டு, கட்டிலைவிட்டு அதிகம் இறங்காமல் கிடந்தார். திருவிழாவன்று மஞ்சள் சேலையில் வெறுங்காலோடு நின்றவரிடம், "வேணாம் அத்தை" என்றேன். "டாக்டரு சொன்ன கெடு முடிஞ்சிருச்சே" என்று சிரித்தார். சுற்றிலும் லயத்து வரிசை வீடுகளின் சனம். அத்தனை பேர் முன்னால் பொய்யன் என்று பேர் வாங்க எனக்குத் தைரியமில்லை. பால்குடத்தோடு ஆற்றிலிருந்து கோயில்வரை கல் ரோட்டில் ஏறினார். சாயந்தரம் கால் வீங்கியது; ஆஸ்பத்திரியில் படம் பிடித்தபோது, வெட்டிச் சேர்த்த எலும்பு விலகியிருந்தது.

ஏன் நடக்கவிட்டாய் என்று டாக்டர் என்னை ஏசினார். "என்ன சொல்றாரு?" என்று அத்தை கேட்டார். சில பேருக்கு இப்படி ஆகுமாம் என்றேன். அதற்கும் நான்தானே வாய்.

அத்தை இப்போது கொழுந்தெடுக்க மலைக்குப் போவதில்லை. லயத்து வாசல்வரை போகவே சுவரைப் பிடிக்க வேண்டும். போன ஞாயிறு அந்தச் செருப்பை எடுத்துத் தூசி தட்டினார். "அந்த டாக்டருக்குக் கைராசி இல்ல. நீ இல்லாட்டி எனக்கு யாரு கேட்டுச் சொல்லியிருப்பா? புதுசாவே கெடக்கு, யாருக்காச்சும் குடுத்துரு தம்பி" என்று நீட்டினார். வாங்கி, மறுபடியும் கட்டிலுக்கடியிலேயே தள்ளிவிட்டேன்.