தலைவர் படத்தை அறுத்தது யார்?

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியில், மறைந்த தலைவர் ஒருவரைப் பற்றி ஆல்பம் செய்யும் போட்டி வைத்தார்கள். தென்காசியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து நூலகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எடுத்து வந்தேன். மகளே படித்து, கையால் எழுதி, படமும் வரைந்தாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நூலகர் நடுப்பக்கத்தை விரித்தார். "இங்கன பாருங்க, படத்தையெல்லாம் பிளேடு வச்சு அறுத்திருக்கு. படிச்சவங்க செய்ற வேலையாம்மா இது?"

எடுக்கும்போது நான் புரட்டிப் பார்க்கவில்லையே! சாரலுக்கு ஒதுங்கி நின்றவர்கள் முன்னால் கூனிக்குறுகி, புதுப் புத்தகம் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

பள்ளியில் முதல் பரிசு பெற்ற ஆல்பத்தைப் பார்த்தேன். தலைவர் படத்தின் மூலையில் அதே நூலகத்தின் முத்திரை! டீச்சரிடம் காட்டினேன்.

"பரிசு குடுத்தாச்சு, விடுங்கம்மா. சின்னப் பிள்ளையப் போயி..." என்றார்.

நேர்மைக்குப் பேர்போனவராம் அந்தத் தலைவர். அதைத்தான் என் மகள் நான்கு பக்கம் எழுதியிருந்தாள்.

திரும்பி வரும்போது கேட்டாள்: "அப்ப நாமளும் அறுத்து ஒட்டியிருக்கலாம்லாம்மா?"

இப்போது எந்தப் புத்தகம் எடுத்தாலும் நூலகர் கண்ணெதிரே கடைசிப் பக்கம்வரை புரட்டிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன். மகளுக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.