வியட்நாம் கோப்பையில் குடித்த பிளேன்டீ

துரை, நீங்கள் பொய் சொன்னீர்கள். கோப்பையை உடைத்ததற்காக என்னைப் பங்களா வேலையிலிருந்து நிறுத்தியதாக, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாருக்கும் சொன்னீர்கள். கோப்பை உடையவே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், நீங்கள் அதன் மனேஜர். மலையில் கொழுந்து பறிக்கும்போது விழுந்து முழங்கால் போனதால் என்னை உங்கள் பங்களாவைக் கூட்டித் துடைக்கப் போட்டிருந்தார்கள். அது போனால் எனக்கு வேறு வேலை கிடையாது.

வியட்நாமிலிருந்து வந்த தேயிலை வியாபாரி ஒருவர் உங்களுக்கு ஒரு கோப்பை கொடுத்துவிட்டுப் போனார். பார்வைக்கு அசல் எனாமல் கோப்பை. நீல விளிம்பு, பூச்சு உதிர்ந்த கறுப்புப் புள்ளிகள், ஒரு பக்கம் நசுங்கல். ஆனால் முழுவதும் பீங்கான். ஆமையின் முதுகில் கொக்கு நிற்கிற படம்.

பங்களாவில் பீங்கான் உள்ளே, எங்கள் தகரக் கோப்பைகள் குசினிக்கு வெளியே. சமையல்கார அப்பு அதையும் எங்களுடையது என்று நினைத்து வெளியே வைத்துவிட்டான். மறுநாள் காலையில் அதில்தான் எனக்குப் பாலில்லாத பிளேன்டீ ஊற்றினான்.

"பாருங்கக்கா, கொக்கு ஒத்தக் கால்ல ஆமை மேல நிக்குது. நீங்க ரெண்டு கால வச்சிக்கிட்டுப் படியேற மாட்டேங்குறீங்க."

"அத ஆமை தூக்குது. என்னைய நீயா தூக்குவ? ஊத்துடா."

கோப்பை கனத்தது. தகரம் மாதிரி உதட்டைச் சுடவில்லை. அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

"இதுல யாரு குடிச்சது?"

"நான்தாங்க தொரை. கழுவித் தாறேங்க."

"வேணாம். நீ வாய் வச்சத நான் எப்புடி உள்ள வைக்கிறது? வெளியவே கிடக்கட்டும்."

அடுத்த நாள் பெரட்டில் அந்தப் பொய். என்னைத் திரும்பவும் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். ஏற முடியவில்லை. நாலு மாதத்தில் தோட்டத்துப் பதிவிலிருந்து பேர் வெட்டினார்கள்.

பங்களாவை விட்டுப் போகுமுன் கோப்பை வந்த பெட்டியை நான் குப்பையில் போடும்போது உள்ளே ஓர் இங்கிலீஷ் துண்டு இருந்தது. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். கொக்கும் ஆமையும் வியட்நாம்காரர் கோயிலில் நிற்பவையாம், நீண்ட ஆயுளுக்கு. எனாமல் கோப்பை, இதைச் செய்த பெண்ணின் தாய் வயல் வேலையில் குடித்த கோப்பையாம். இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறாள். அலமாரியில் வைக்க வேண்டாம், தினமும் குடியுங்கள் என்றும் எழுதியிருந்தாளாம். கோப்பையை அப்பு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். இன்றும் அதில் தேத்தண்ணி குடிக்கிறான், ஒரு கீறல் இல்லை.

துரை, தோட்டத்துத் திருவிழாவுக்கு நீங்கள் இன்னும் வருகிறீர்கள். மாலை போட்டு மைக்கும் கொடுக்கிறார்கள். இந்த வருடம் அந்த மைக்கில் பதில் சொல்லுங்கள்: என் பேரை வெட்டியது எதற்காக?