மூன்றாவது மெசின்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வோட்டர் பம்ப் திருத்திப் பிழைத்தவன். இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது கையில் இரண்டு ஸ்பானரும் ஒரு குறடும்தான் இருந்தன. எரிந்து கிடந்த ஒரு அம்பிளிபயரைப் பிரித்து, பழைய ரேடியோ உதிரிகளைப் போட்டுப் பேச வைத்தேன். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை கிடைக்காமல் வீட்டுக் கதவை அறுத்தேன். மனைவி இரண்டு மாதம் கதவுக்குப் பதிலாகச் சேலை கட்டியிருந்தா. இன்றைக்குப் பதினாறு பெட்டி, இரண்டு மிக்சர், ஒரு ஜெனரேற்றர், எல்லாவற்றையும் ஏற்ற ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின். இங்கிருந்து வவுனியா வரை என் மைக்கில் பேசாத பெரிய மனிதர் இல்லை. அவர்கள் பேசியதில் பாதி விளங்காமல் போனது என் மிக்சரின் குற்றம் அல்ல.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எக்கோ

எங்கள் பக்கத்தில் எக்கோ போடாமல் சவுண்ட் இல்லை. கோயில் அறிவித்தலுக்கும் எக்கோ, பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும் எக்கோ. ‘ஹலோ’ என்று ஒருதரம் சொன்னால் நாலுதரம் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் மைக் பழுது என்று சனம் சொல்லும். என் கை மிக்சரில் எக்கோவைக் கூட்டும் குமிழுக்குத் தானாகப் போய்ப் பழகிவிட்டது.

2. ஒத்திகை

சுகந்தி ரீச்சர் பள்ளிக்கூடத்தில் வயலின் படிப்பிக்கிறவா. மேற்கத்திய சங்கீதமும் கற்றவா. ஊர் மண்டபத்தில் ஒரு பின்னேரக் கச்சேரி வைக்கப்போவதாகச் சொல்லி வந்தா. அவாவும் அவாவிடம் படித்த வாணியும் வாசிப்பார்களாம். இரண்டு வயலினுக்கும் ஒரே ஐந்து சுரம். திரும்பத் திரும்ப நாற்பது நிமிடம்.

மண்டபப் பொறுப்பாளருக்கு இதில் நம்பிக்கை இல்லை. பத்து நிமிடத்தில் சனம் எழும்பிவிடும், எழும்பினால் இனி மண்டபம் டான்ஸ் நிகழ்ச்சிக்கு மட்டும்தான் என்று சொல்லியிருந்தார். ரீச்சர் அதற்குச் சம்மதித்துத்தான் திகதியை எடுத்திருந்தா.

ஒத்திகையில் ஐந்து நிமிடம் கேட்டேன். அதே ஐந்து சுரம்.

“ரீச்சர், மிச்சம் எப்ப வரும்?”

“இதுதான் அண்ணை மிச்சமும்.”

இன்னும் கொஞ்சம் போனது. வாணி ஒரு மயிரிழை வேகமாக வாசிக்கிறா என்று என் காதுக்குப் பட்டது. தொழில்காரன் சும்மா இருக்கலாமா? கையைத் தூக்கி இரண்டு பேரையும் நிறுத்தினேன். தங்கச்சி முந்திப் போறா, பிடிச்சு நிப்பாட்டுங்கோ என்றேன்.

ரீச்சர் சிரித்தா. “அண்ணை, அவா முந்திறதுதான் பாட்டு. முந்தி முந்திப் போய், கடைசியில சுத்திவந்து என்னோட சேருவா. ஆனா இவ்வளவு கெதியாக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கள்தான்.”

அந்தக் கடைசி வசனத்தை மட்டும் நான் வீடு வரை கொண்டுபோனேன்.

3. கச்சேரி

கதிரைகள் நிரம்பியிருந்தன. எனக்குப் பக்கத்தில் ஸ்கந்தபுரத்து நல்லையா. நெல்லும் மிளகாயும் செய்கிறவர். மகளின் சாமத்திய வீட்டுக்குச் சவுண்ட் பேச வந்தவர், முடியும் வரை இருப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்.

வாசிப்புத் தொடங்கியது. ஐந்து சுரமும் மேடையில் உடுப்பில்லாமல் நிற்பதுபோல எனக்குப் பட்டது. பாவம் பார்த்து ஒருவருக்கும் சொல்லாமல் கொஞ்சம் எக்கோ போட்டேன்.

சனம் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தது. பிறகு நோட்டீசை விசிறியாக்கியது. பின்வரிசையில் கதிரை இழுபட்டது. நாலுபேர் எழும்பி வெளியே போனார்கள். பொறுப்பாளர் கதவடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி. எக்கோ காணாது என்று நினைத்து இன்னும் திருகினேன். சத்தம் கூழாகக் குழைந்தது. ரீச்சர் வில்லை நிறுத்தாமல் என் பக்கம் பார்த்தா. எதுவோ பிழை என்று அவாவுக்குத் தெரிகிறது, ஆனால் என்ன செய்வது, கை இரண்டும் வேலையில்.

அப்போதுதான் நல்லையா என் காதடியில் குனிந்தார்.

“அண்ணை, ரெண்டு மெசின்தானே ஓடுது. மூண்டாவது எங்கையிருந்து வருது?”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவர் வோட்டர் பம்பைச் சொல்கிறார். பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பம்ப் ஓடினால் ஒன்று மற்றதை விட ஒரு துளி வேகமாக ஓடும். இரண்டும் சேர்ந்து அடிக்கும், விலகும், குறுக்கே அடிக்கும், நடுவில் இல்லாத மூன்றாவது பம்ப் ஒன்று ஓடுவதுபோலக் கேட்கும், திரும்பச் சேரும். அந்தச் சேருகிற இடத்துக்காகக் காது தானாகக் காத்திருக்கும். வன்னியில் தண்ணீர் இறைத்த எவருக்கும் இதை ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. பம்ப் திருத்திய எனக்கு அது கேட்கவில்லை. சவுண்ட் பேச வந்தவருக்குக் கேட்டது.

அதை மூடி மறைத்தது என் எக்கோதான். முழுதாக அடைத்தேன்.

இரண்டு வயலினும் துடைத்துவிட்டதுபோலத் தெளிந்தன. இழுபட்ட கதிரை நின்றது. விசிறிய நோட்டீசுகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. இரண்டு பேரும் வாசிக்காத ஒரு மெட்டு நடுவில் கேட்டது. அது மாறியது, பிறகு வேறொன்று கேட்டது. நான் மிக்சரைப் பார்த்தேன், என் கை எதிலும் இல்லை. வெளியே போன நாலு பேரில் மூன்று பேர் கதவுக்குள் திரும்பி வந்து சுவரோடு நின்றார்கள். கடைசியில் வாணி சுற்றிவந்து ரீச்சரோடு சேர்ந்தபோது மண்டபமே மூச்சு விட்டது. கைதட்டக் கொஞ்சம் பிந்தியது.

“அதுக்கிடையில முடிஞ்சுதோ?” என்று ஒரு அக்கா கேட்டா.

பொறுப்பாளர் மேடையடிக்குப் போனார். “அடுத்தது எப்ப ரீச்சர் வைக்கிறியள்?”

தொழிலுக்கு வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் சனத்துக்கு முதலில் எரிச்சல் வரும். அதற்குப் பயந்து குமிழில் கை வைக்காதீர்கள். அதைத் தாண்டினால் காது தன் பாட்டில் வேலை செய்யத் தொடங்கும்.

4. நன்றியுரை

நன்றியுரையில் பொறுப்பாளருக்கு நன்றி சொன்னார்கள். தேநீர் ஊற்றியவர்களுக்கும் சொன்னார்கள். பிந்திக் கதிரை கொண்டுவந்தவருக்குக்கூடச் சொன்னார்கள். சவுண்ட் என்று ஒரு சொல் இல்லை. இப்போது அதே கச்சேரி வவுனியாவுக்குப் போகிறது. நோட்டீஸ் பார்த்தேன், அதிலும் என் பெயர் இல்லை. நேரே ரீச்சரிடம் போய்க் கேட்டேன்.

“போடலாம் அண்ணை,” என்றா அவா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஆனா எக்கோ போட்டதையும் எழுத வேணுமே.”

யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சம்மதம், ரீச்சர். வயலின்காரருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் அச்சடியுங்கள்: ‘ஒலி – தங்கராசா. எக்கோ போட்டவரும் நிறுத்தியவரும் அவரே.’ அதற்குக் கீழே ஸ்கந்தபுரம் நல்லையாவின் பெயரும் வரலாம். எழுத்து மட்டும் கொஞ்சம் சிறிதாக இருக்கட்டும். அவர் கேட்டார், அவ்வளவுதான். குமிழைத் திருகியது நான்.