மரிவோனின் இடத்தில் மரிவோன்

படம் போன இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. வயதான ஐந்து நட்சத்திரங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்துத் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்களாம். என்ன துணிச்சல், என்ன பெருந்தன்மை என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படத்துக்கு மேக்கப் போட்டவள் நான். அந்த ஐந்து தலைகளில் எது சொந்த முடி, எது ஒட்டின முடி என்று என் கைக்குத் தெரியும்.

தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்கிறவர்கள் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று முதலிலேயே பொறுக்கி வைத்துக்கொள்கிறார்கள். மறதி, மூட்டுவலி, பொய்ப்பல், கிடைக்காமல் போன விருது, இதையெல்லாம் தாராளமாகச் சொல்வார்கள். மரிவோனைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

மரிவோன் கெர்த்ரோ, துவார்னனே என்கிற கடலோர ஊரில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற ஆலையில் வேலை பார்த்தவளின் மகள். இருபது வயதில் பாரிசுக்கு வந்தாள். கடையில் கையுறை விற்றாள், இரண்டு மூன்று நாடகங்களில் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வேலைக்காரியாக வந்து போனாள். முப்பத்தெட்டு வயதில் ஒரு படப்பிடிப்பில் அவளை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். அந்த ஐந்து நட்சத்திரங்களில் ஒருவரான ஆர்லெத் மொஃப்ரே அம்மையாரின் அதே உயரம், அதே தோள், அதே தோல் நிறம். அன்றைக்குப் பிடித்த வேலை முப்பத்தொரு வருடம் விடவில்லை.

வேலை என்ன என்றால், நிற்பது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் விளக்குக்காரர்களுக்கு ஓர் ஆள் வேண்டும். அம்மையார் எங்கே நிற்கப் போகிறாரோ, தரையில் நாடா ஒட்டிய அந்த இடத்தில் மரிவோன் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நிற்பாள். வெளிச்சம் சரியானதும் அம்மையார் வருவார், மரிவோன் விலகிவிடுவாள். முடியும் ஒரே நிறமாக இருந்தால்தான் வெளிச்சம் கணக்காக விழும் என்பதால், அம்மையார் சிவப்புச் சாயம் பூசினால் மரிவோனும் சிவப்பு. அவர் கழுத்தோடு வெட்டிக்கொண்டால் இவளுக்கும் கத்தரி. ஒரே கிண்ணத்தில் சாயம் கலக்கி இரண்டு தலைக்கும் நான்தான் தடவுவேன். ஒருமுறை ஜூரா மலையில் பனி கொட்டுகிற நேரத்தில் நீச்சல் உடையோடு மரிவோனை நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். அம்மையார் காரில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையும் இந்தப் படத்தில் வருகிறது, அம்மையாருக்கு நடந்ததாக.

கடைசி ஆறு வருடமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அம்மையாருக்கு வசனம் நினைவில் நிற்பதில்லை. காதுக்குள் பட்டாணி அளவு கருவி ஒன்றை வைத்திருப்பார். திரைக்குப் பின்னால் மரிவோன் சின்ன மைக்கில் வசனத்தை முணுமுணுப்பாள், அரை நொடி கழித்து அம்மையார் அதையே கண் கலங்கப் பேசுவார். காதில் விழுவது என்ன என்று யோசிக்கிற பழக்கமே அவருக்குப் போய்விட்டது.

திபோ என்கிற பையன்தான் இயக்குநர், முப்பத்து நான்கு வயது. பழைய நடிகர்கள் ஐந்து பேரும் நார்மண்டிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் தங்கி, தங்களைப் பற்றியே ஒரு படம் எடுக்க முயன்று சொதப்புகிறார்கள் என்பது கதை. படம் தொடங்குவதற்கு முன்னால் அவன் மரிவோன் வீட்டுச் சமையலறையில் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து, அவள் சுட்ட கேக்கைத் தின்றுகொண்டே அவள் வாழ்க்கை முழுவதையும் பதிவு செய்துகொண்டு போனான். "நீங்கதான் இந்தப் படத்தோட உயிர்" என்று போகும்போது சொன்னான். அவளும் நம்பிவிட்டாள். கதையில் ஆர்லெத்துக்குப் பதிலாக நிற்கும் கிழவி ஒருத்தி, பெயர் மரிவோன். எல்லோரும் தங்களையே நடிக்கும்போது, இவளும் இவளையே நடிப்பாள் என்பதுதானே நியாயம். வாயைத் திறந்து தன் கதையைத் தானே ஒரு வரி பேச வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஊரில் இருக்கிற தங்கைக்கு ஃபோன் செய்து சொல்லியும் விட்டாள்.

படப்பிடிப்பு தொடங்குவதற்கு முந்தின நாள், மறுநாள் வேலைத்தாளைச் சுவரில் ஒட்டினார்கள். மரிவோனாக நடிப்பவர், லுதிவீன் பாஸ்கல். லுதிவீனுக்காக வெளிச்சத்தில் நிற்பவர், மரிவோன் கெர்த்ரோ. நான் மூன்று தடவை படித்தேன். மரிவோன் ஒரே தடவை படித்துவிட்டு நேரே திபோவிடம் போனாள்.

"என்ன தம்பி இது?"

"கோச்சுக்காதீங்க மரிவோன். படத்துக்குப் பணம் போடறவங்க தெரிஞ்ச முகம் வேணும்ங்கறாங்க."

"என் சமையல்கட்டுல ரெண்டு நாள் பார்த்தீங்களே, அது தெரிஞ்ச முகம் இல்லையா?"

"அது வேற. தன்னைத்தானே நடிக்கறது ரொம்பக் கஷ்டம். அதுக்குப் பெரிய பயிற்சி வேணும்."

"அறுபத்தொம்பது வருஷமாப் பழகிட்டுதான் இருக்கேன்."

அவன் இளித்தான். மரிவோன் அரங்கின் நடுவில் போய் நின்று, சாதாரணக் குரலில், "கயிறு" என்றாள். எங்கள் தொழிலில் அந்தச் சொல் அபசகுனம், யாரும் சொல்ல மாட்டோம். தலைக்கு மேல் நூறு தொங்கும், ஒவ்வொன்றுக்கும் வேறு ஏதாவது பேர் வைத்திருப்போம். வாய் தவறிச் சொல்லிவிட்டால், இருக்கிற எல்லோருக்கும் அவர்தான் குடிக்க வாங்கித் தர வேண்டும். மரிவோனுக்கு வாய் தவறவில்லை. நிதானமாக மூன்று தடவை சொன்னாள். ஏணியில் இருந்த விளக்குக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அன்று சாயங்காலம் நாற்பது பேருக்கும் சைடர் என்கிற ஆப்பிள் மது வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்த ஒருத்தரும் அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி, அந்தக் கோபம் எனக்கு என் மேலேயே இருக்கிறது.

லுதிவீன் கெட்ட பெண் இல்லை. நாற்பத்தைந்து வயது, ஊர் முழுக்கத் தெரிந்த சிரிப்பு நடிகை. "நீங்க எப்படி நிப்பீங்கன்னு காட்டுங்கம்மா" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். மரிவோனும் காட்டினாள். நான் மரிவோனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து லுதிவீன் முகத்தில் சுருக்கம் வரைந்தேன். உயிரோடு இருக்கிறவளை உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கூத்து. முடியாது என்று தூரிகையைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

கடைசி நாள் காலையில் அம்மையார் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அனிக், அவ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டே திரியறா?"

"அவங்க வேஷத்தை அவங்களே நடிக்கணும்னு ஆசைப்பட்டாங்க மேடம்."

"தெரியும். திபோ அவளைத்தான் போடறதா இருந்தான். நான்தான் வேண்டாம்னேன். அவளுக்கு எங்க நடிக்க வரும், பாவம். கேமரா முன்னாடி அசிங்கப்படுவா. அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். கன்னத்துல இன்னும் கொஞ்சம் சிவப்பு போடு."

போட்டேன். போட்டுவிட்டு நேரே மரிவோனிடம் போய்ச் சொன்னேன். மறைத்து வைக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது.

"அவங்க வாயாலயே சொன்னாங்களா?" என்றாள்.

"என் நாற்காலில உக்காந்துக்கிட்டுச் சொன்னாடி. உன் நல்லதுக்காம்."

"சரி," என்றாள் மரிவோன். மைக்கை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அன்றைய காட்சி, பிரிவு. ஹோட்டல் வராந்தாவில், பின்னால் கடல் தெரிய, ஆர்லெத் தன் மரிவோனுக்கு விடை கொடுக்கிறார். 'நீ இல்லாம நான் யாரு' என்று கையைப் பிடித்துக்கொண்டு உருக வேண்டும். லுதிவீன் என் சுருக்கங்களோடும் மரிவோனின் முடி நிறத்தில் ஒரு விக்கோடும் எதிரே நின்றாள். கேமரா ஓடியது. அம்மையார் லுதிவீனின் கையைப் பிடித்தார், கண்ணில் சரியான அளவுக்குத் தண்ணீர் வந்தது.

"உன்னை நடிக்க விடாதேன்னு சொன்னதே நான்தான்," என்றார்.

லுதிவீனுக்கு முகம் மாறியது. இது எழுதிக் கொடுத்த வசனம் இல்லை.

"உன் நல்லதுக்குன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்று அதே உருக்கத்தோடு தொடர்ந்தார் அம்மையார். "அது பொய்... அது..." அங்கேதான் தன் வாயிலிருந்து வருவது என்ன என்று அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றது.

திபோ நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கைதட்ட ஆரம்பித்தான், சுற்றி இருந்தவர்களும் தட்டினார்கள். "அபாரம் மேடம். உங்களை நீங்களே இப்படிக் கிழிச்சுக்கறீங்களே, யாரால முடியும்?" என்றான்.

அம்மையார் தோளைக் குலுக்கினார். "மனசுல பட்டுது, சொன்னேன்."

அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது. மைக்கில் முணுமுணுத்த மரிவோனின் வாயிலிருந்து பிடுங்கிய உண்மையையும் தன் மனதில் பட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

"அப்படியே இன்னொரு தடவை, கிட்டக்கப் போய் எடுத்துக்கலாம்," என்றான் திபோ.

அம்மையார் திரையின் பக்கம் தலையைத் திருப்பினார். "மரிவோன், அந்த வரிய மறுபடி கொடு."

மரிவோன் வெளியே வந்தாள். தன் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி, மைக்கோடு சேர்த்து நாற்காலியில் வைத்தாள். நடந்து வந்து லுதிவீன் முன்னால் நின்றாள். லுதிவீன் அவளைப் பார்த்தாள், விக்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இடத்தை விட்டு விலகினாள். அந்த ஒரு காரியத்துக்காக அந்தப் பெண்ணை நான் ஒருபோதும் திட்ட மாட்டேன்.

காலையில் தான் ஒரு மணி நேரம் நின்று சரிசெய்துகொடுத்த வெளிச்சத்தில் மரிவோன் நின்றாள். முப்பத்தொரு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரையும் ஒரே வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒருத்தர் வந்தால் மற்றவர் போய்விடுவாரே. ஒரே உயரம், ஒரே நிறத்தில் முடி. ஒரு முகத்தில் என் பூச்சு முழுவதும் இருந்தது, இன்னொன்றில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"ஓட்டுங்க," என்றாள் மரிவோன். கேமராக்காரர் திபோவைப் பார்க்காமலே ஓட்டினார்.

அம்மையாருக்குக் காதில் எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தார். உதடு அசைந்தது, வசனம் வரவில்லை. மரிவோன் கண்ணை எடுக்காமல் எதிரே நின்றாள். கடைசியில், யாரும் எழுதிக் கொடுக்காமல், அம்மையார் தானாகப் பேசினார். குரல் மெலிந்து கிடந்தது.

"நீ பக்கத்துல நின்னா நான் கிழவியாத் தெரிவேன். அதான்."

மரிவோன் அவரை மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாவே தெரியுது," என்றாள்.

சொல்லிவிட்டு வெளிச்சத்தை விட்டு வெளியே நடந்தாள். படத்தில் அந்த இடம் அப்படியே இருக்கிறது, தியேட்டரில் அங்கேதான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்று வராந்தாவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அம்மையார் நாடா ஒட்டிய இடத்திலேயே நின்றுகொண்டு, நெற்றி வேர்த்துவிட்டது, வந்து பவுடர் போடு என்று என்னைக் கூப்பிட்டார். பவுடரும் பஞ்சும் என் மடியில்தான் இருந்தன. நான் எழுந்திருக்கவில்லை.