கணுக்காலில் தெரிந்த இதயம்

கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து, கால் அளவைக் கை அளவால் வகுத்து எழுதிவைப்பதே சிதம்பரத்து மருத்துவமனை ஒன்றில் என் பணி. கால் அளவு கை அளவைவிட மிகக் குறைந்தால், கால் இரத்தக் குழாயில் அடைப்பு என்று பொருள். பட்டம் பெறாமல், பார்த்தே பழகியவன் நான். நாலடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் அன்பர்களே, இந்தக் குறிப்புகள் உங்களுக்காக.

குணமான கால்

புவனகிரி விவசாயி கலியபெருமாள், கீழ வீதியைக் கடப்பதற்குள் மூன்று முறை நின்றதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மாத்திரையோடு தினமும் நடக்கவேண்டும். வலித்தால் நின்று, தணிந்ததும் மீண்டும் நடக்கவேண்டும் என்றார் மருத்துவரம்மா. மறுமாதம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தவர், வலி அடியோடு போய்விட்டதென்றார். எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நடக்கறதா? மவன் வண்டியிலதான் எங்கயும் போறேன். அப்புறம் எப்புடி மாமா வலிக்கும்?"

நெஞ்சுக்கு என்ன வேலை?

அவருடைய கணுக்கால் அழுத்தம் கை அழுத்தத்தில் பாதியே இருந்தது. காலில் இவ்வளவு அடைப்பிருந்தால் இதயக் குழாயிலும் இருக்கக்கூடும், மாரடைப்பு வரும்வரை காத்திராமல் கடலூர் சென்று பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவரம்மா வற்புறுத்தினார். உடன் வந்திருந்த கலியபெருமாளின் மனைவி கண்கலங்கினார். அவரோ அசையவில்லை.

"கால் வலின்னு வந்தா நெஞ்சப் பாக்கணுங்கறீங்க. வயசானா எல்லாருக்கும் இந்தக் கணக்கு கொறயத்தான் செய்யும்!"

நான் படுத்த கட்டில்

என் கால் அவர் காலைவிட மூத்தது. ஒரு நாளும் வலித்ததில்லை. நல்ல கணக்கைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடலாம் என்ற வீறாப்பில் நானே கட்டிலில் படுத்தேன். மருத்துவரம்மா அளந்தார். மறுபடியும் அளந்தார். கை அளவில் முக்கால் பங்குகூட இல்லை. எத்தனையோ பேருக்குச் சுற்றிய பட்டையை என் காலில் சுற்றிப் பார்க்க அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

கலியபெருமாள் கைகொடுத்து என்னை எழுப்பினார்.

"கெளம்புங்க மாமா, ரெண்டு பேருமே கடலூர் போவோம். தனியா போவத்தான் எனக்கு பயம்."

கடலூர்த் தீர்ப்பு

அவருக்கு மாத்திரைகளே போதும் என்றார்கள். எனக்கு இதயக் குழாயில் இரண்டு இடங்களில் அடைப்பு. மறுநாளே ஸ்டென்ட் வைத்தார்கள். நான் கண்விழித்தபோது, அவர் மனைவி கொடுத்தனுப்பிய கஞ்சியோடு கலியபெருமாள் அருகில் இருந்தார். அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

"நான் மொதல்லயே சரின்னு தலையாட்டியிருந்தா ஒங்க கதி என்னாயிருக்கும் மாமா?"

சொன்ன பேச்சைக் கேட்காத ஒருவரால் உயிர் பிழைத்தவனாதலால், இப்போதெல்லாம் உடனே தலையாட்டும் நோயாளிகளைக் கண்டால் எனக்குச் சற்றுக் கவலையாகவே இருக்கிறது.