மேஜைக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு

"வேலை வேற, தொழில் வேற, குடும்பம் வேற. மூணும் மூணு டப்பா. ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணை எட்டிக்கூடப் பாக்காது. பாத்தா என் பேரை மாத்தி வெச்சுக் கூப்பிடுங்க!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் நின்றுகொண்டு இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவள் டப்பாக்கா. கேட்டவர்கள் மூன்று பேர்: லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கணவன், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் கடிதம் பிரித்து அடுக்கி ஓய்வுபெற்ற மாமனார். பேர் மாறுவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவளுடைய சொந்தப் பேரை வீட்டிலேயே யாரும் கூப்பிட்டுப் பல வருடமாயிற்று. ஊசிக்கு ஒரு டப்பா, பொத்தானுக்கு ஒரு டப்பா, காலி டப்பாக்களைப் போட்டுவைக்க ஒரு பெரிய டப்பா என்று வாழ்கிற மனுஷிக்கு வேறென்ன பேர் நிலைக்கும்?

பிரகடனத்தோடு அவள் நிற்கவில்லை. கணவனின் கருவிப்பையிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக ஒட்டினாள். ஜன்னல் பக்கம் நகைத்தொழில். அடுப்படிப் பக்கம் குடும்பம். நாடுகளுக்கு எல்லை வகுப்பவர்கள்கூட இவ்வளவு நேராக வகுத்ததில்லை.

"உப்பு ஜாடி அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சே" என்றான் கணவன்.

"இப்ப எடுத்துக்குங்க. நாளையிலேருந்து கை நீளக்கூடாது."

மூன்றாவது டப்பா, அதாவது வேலை, மேஜைக்கே வராது. பல் செட் செய்யும் லேபில் அவளுக்குப் பதினொரு வருட அனுபவம். மெழுகில் பல்லைச் செதுக்கி, அதன் மேடுபள்ளங்களை நுனிக்கத்தியால் கீறி, கடைசியில் வாய்க்குள் போகிற பல்லை முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றித் தருவாள். அந்த லேபிலிருந்து ஒரு துளி மெழுகைக்கூட அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கொண்டுவந்ததெல்லாம் அந்தக் கையை மட்டும்தான். அதையும் வாசலிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிடுவாள்.

கழுவிய கை என்ன, கற்றதை மறந்துவிடுமா? மெல்லிய வெள்ளிக்கம்பியை விதை மாதிரி முறுக்கி, நடுவில் கண்ணாடிமணி ஒன்றைத் தொங்கவிட்டு அவள் செய்கிற காதணிகள், வலதும் இடதும் ஒட்டிப்பிறந்தவை போல இருக்கும். லேபில் இருந்த நாலு பெண்கள் வாங்கினார்கள். அவர்களுடைய தங்கைகளும் மச்சினிகளும் வாங்கினார்கள். பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கைப்பைக்கடை அம்மா அவள் காதையே உற்றுப் பார்த்துவிட்டு, கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டைக் காட்டினாள்.

"சனிக்கிழமை கடை திறக்கறப்ப பன்னண்டு ஜோடி இங்க இருக்கணும். சரியா வந்தா இந்தத் தட்டு உனக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் வளையல்காரருக்குக் கொடுத்துடுவேன். அவர் ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருக்கார்."

ஒன்றரை முழம் நீளமுள்ள அந்தக் கண்ணாடித் தட்டுக்காக டப்பாக்கா ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. தூங்கினாலும் வளையல்காரர் கனவில் வந்து வளையல் அடுக்கினார்.

வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு ஜோடியும் தயார். ஒவ்வொன்றையும் பஞ்சு வைத்து, நீலமூடி போட்ட வெள்ளை டப்பாவில் இட்டாள். இந்த டப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். லேபில் பல்லை வைத்து டாக்டருக்கு அனுப்புகிற டப்பாவும் இதேதான். வாங்குவதும் அதே மொத்த வியாபாரியிடம்தான். மெழுகில் ஒரு துளி எடுக்காத உத்தமி, டப்பா என்றதும் நெஞ்சு இளகிவிட்டாள். டப்பா விஷயத்தில் அவளிடம் நியாயம் எதிர்பார்க்க முடியாது.

அன்று மாலை லேப் முதலாளி ஒரு நீலமூடி டப்பாவை நீட்டினார். "போற வழிதானே, காலைல கிளினிக்ல கொடுத்துட்டு வந்துடும்மா. வக்கீலோட முன்பல்லு. அது இல்லாம கோர்ட்டுல பேச்சு வரலையாம், காத்து மட்டும் வருதாம்."

சனிக்கிழமை காலை. கோட்டுக்கு ஜன்னல் பக்கம் பதின்மூன்று டப்பாக்கள் அணிவகுத்து நின்றன. மாமனார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கேம்மா. மேல ஒரு சீட்டு எழுதி ஒட்டட்டுமா?"

"மாமா, விரல்."

விரல் கோட்டைத் தாண்டி அரை அங்குலம் போயிருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதத்தையும் மாற்றி அனுப்பாத அந்த விரலை மாமனார் மரியாதையோடு பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு டப்பாக்கள் பையின் உள்ளே, வக்கீலின் டப்பா பக்கவாட்டு அறையில். ஏற்பாட்டில் குற்றம் சொல்ல இடமே இல்லை. ஆனால் மகளுடைய தண்ணீர்பாட்டிலும் அதே பைக்குள் போயிருந்தது, அதன் மூடி சரியாகத் திருகப்படவில்லை. பாட்டுக்கிளாஸ் வாசலில் மகளை இறக்கிவிட்டபோது பை சொட்டியது. பதின்மூன்றையும் வெளியே எடுத்து, துப்பட்டாவால் துடைத்து, மறுபடி ஒன்றைப் பக்கவாட்டு அறையிலும் பன்னிரண்டை உள்ளேயும் வைத்தாள். எந்த ஒன்று, எந்தப் பன்னிரண்டு என்று டப்பாக்கள் தாமாகச் சொல்லவில்லை.

கிளினிக், கடை, லேப். பத்தரை மணிக்கு அவள் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் போன் செய்தார்.

"அக்கா, ரொம்ப அழகா இருக்கு. ஆனா வக்கீல் சார் இன்னும் காது குத்திக்கலையே."

அவள் வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. கைப்பைக்கடை அம்மா.

"இதுல ஒரு மாடல் புதுசா இருக்கே, முத்து மாதிரி. ஒண்ணுதான் இருக்கு, ஜோடி எங்க? இங்க ஒரு பொண்ணு சங்கிலில கோத்துத் தருவீங்களான்னு கேக்குது."

மெழுகை அடுப்பில் விட்டு நகர முடியாது. கணவன் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பான். வளையல்காரர் அந்நேரம் கடைவாசலிலேயே நிற்பதுபோல அவளுக்குப் பட்டது. வீட்டு நம்பரை அழுத்தினாள்.

"மாமா..." என்றாள். மேற்கொண்டு வந்ததெல்லாம் மிகச் சின்னக் குரல்.

"டப்பா மாறிடுச்சா?" என்றார் மாமனார். அவர் ஏற்கெனவே சட்டை போட்டுக்கொண்டிருந்தார் என்பது என் சந்தேகம்.

கிளினிக்குக்குப் போனார், கம்மலை வாங்கினார். கடைக்குப் போனார், கம்மலைக் கொடுத்தார்.

"அப்ப இது என்னது?" என்றாள் கடைக்கார அம்மா, முத்தை விரல்நுனியில் பிடித்தபடி.

"பல்லுங்க."

"பல்லா! யாரு பல்லு?"

"ஒரு வக்கீலோடது. பயப்படாதீங்க, இன்னும் எதையும் கடிக்கலை. புத்தம் புதுசு."

சங்கிலி கேட்ட பெண் கொஞ்சம் பின்வாங்கினாள். மாமனார் பல்லைப் பஞ்சில் வைத்து மூடி, பாக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்து, 'முன்பல், ஒன்று' என்று எழுதி ஒட்டினார். மீதிப் பன்னிரண்டையும் திறந்து பார்த்து அவற்றுக்கும் சீட்டு ஒட்டினார். ஒரு தாளில் கடைக்கார அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குத் திரும்பிப் போனார். பன்னிரண்டரை மணிக்கு வக்கீலுக்குப் பேச்சு வந்தது. முதல் பேச்சே, இவ்வளவு நேரம் உட்காரவைத்ததற்கு என்ன சட்டப்பிரிவு என்பதுதானாம்.

மாலையில் கடைக்கார அம்மா கூப்பிட்டாள். "தட்டு உனக்குத்தான். அடுத்த வாரம் இருபது ஜோடி. ஆனா ஒரு கண்டிஷன். அந்தப் பெரியவர்தான் கொண்டுவரணும். சீட்டு ஒட்டி."

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேஜையில் கூடினார்கள். புதிய பிரகடனம் வரும் என்று கணவன் கைகட்டிக் காத்திருந்தான்.

டப்பாக்கா தட்டுகளை ஓரமாக நகர்த்தினாள். நகத்தால் டேப்பின் ஒரு நுனியைக் கிளப்பி, மெதுவாக, மறு கோடிவரை உரித்தாள். பசை ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தாள்.

"அம்மா, இப்ப எது எந்தப் பக்கம்?" என்றாள் மகள்.

"தட்டைக் கொஞ்சம் தள்ளிக்கோ. தாத்தாவுக்கு எழுத இடம் வேணும்."

மணிகள் இருந்த கிண்ணத்தையும் ஒரு கற்றை வெற்றுச் சீட்டுகளையும் மாமனார் பக்கம் நகர்த்தினாள். உரித்த டேப்பை உருட்டி, கைக்கு எட்டிய ஒரு டப்பாவைத் திறந்து, அது எதற்கான டப்பா என்று பார்க்காமலே உள்ளே போட்டு மூடினாள்.